குந்த ஒரு இடம்: வடசென்னை பாரும் சில சினிமாவும்

பெங்களூர்ல இருந்து மாற்றலாகி வந்த ஆபீஸ் நண்பர் ஒருத்தர் போன மாசம் கேட்டார்: "நீங்க திருவொற்றியூர்தானே? உங்க ஏரியாவுல உட்கார்ந்து ஒரு பியர் குடிக்க நல்ல இடம் ஏதாவது இருக்கா?" கேட்டுட்டு அவரே சிரிச்சார். "வேணாம் விடுங்க. வடசென்னை பாரை சினிமாவுல பார்த்திருக்கேன். யாராவது யாரையாவது போட்டுடுவாங்க."

ரெண்டுக்குமே என்கிட்ட பதில் இல்லை. வீட்டுக்கு வந்து, சென்னையில் போக வேண்டிய பார்கள், பப்கள்னு வர்ற பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலை, ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், தி.நகர், அண்ணா சாலை. நான் பார்த்த பட்டியல் எதுவுமே சென்ட்ரலைத் தாண்டி வடக்கே வரவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் அந்த வரைபடத்தில் வெறும் வெள்ளை. சினிமாவிலோ இதுக்கு நேர் எதிர். அங்கே வடசென்னைன்னாலே ராத்திரி, மங்கலான பல்பு, பாட்டில், அரிவாள்.

பட்டியலில் ஒன்றுமே இல்லாத இடம், சினிமாவில் நிரம்பி வழிகிறது. ரெண்டு பேரும் பார்க்காமல் விட்டது ஒரே விஷயத்தைத்தான் என்பது என் சந்தேகம். அந்த அறையை, அதன் நாற்காலியை, அது எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை. அதனால் சில படங்களைத் திரும்பப் போட்டு, ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தேன்: இந்தப் படத்தில் ஒரு ஆள் எங்கே உட்கார்ந்து குடிக்கிறான்?

அந்தக் கேள்வி எனக்குச் சரியாகத்தான் பட்டது, எங்கம்மாகிட்ட சொல்ற வரைக்கும். அதைக் கடைசியில சொல்றேன்.

வரைபடம் ஏன் காலி

முதல்ல அந்த வெள்ளை இடத்தைப் பார்ப்போம். அதுக்குக் காரணம் ரசனை இல்லை, லைசென்ஸ்.

தமிழ்நாட்டில் டாஸ்மாக்குக்கு வெளியே உட்கார்ந்து குடிக்கப் பொதுவாக ரெண்டு வழிதான். ஒன்று கிளப், எஃப்.எல்.2 உரிமம். இன்னொன்று ஹோட்டல், எஃப்.எல்.3 உரிமம். பெங்களூர் மாதிரி ஒருத்தர் தெருவுல ஒரு கடையை வாடகைக்குப் பிடிச்சு பப் மட்டும் நடத்தறது இங்கே வழக்கமில்லை. பப் ஒரு தங்கும் விடுதிக்குள்ளதான் பெரும்பாலும் இருக்கும். அப்போ பப் எங்கே வரும்? நல்ல விடுதி இருக்கிற இடத்தில். விடுதி எங்கே வரும்? தங்க ஆள் வர்ற இடத்தில்.

எங்க ஏரியாவுக்கு வருவது கண்டெய்னர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு உள்ளே போக வரிசையில் நிற்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த டிரைவர் ராத்திரி படுப்பது கேபினில். அவருக்கு யாரும் நட்சத்திர விடுதி கட்டப் போவதில்லை. விடுதி இல்லை, அதனால் பப் இல்லை, அதனால் பட்டியலில் பெயர் இல்லை. 1856-லேயே ரயில் நிலையம் வந்த ராயபுரத்துக்கு இதுதான் நிலைமை.

மிச்சம் இருப்பது டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். இது சட்டப்படி என்ன என்று படித்தபோது எனக்கே ஆச்சரியமா இருந்தது. பாரை டெண்டர் எடுப்பவர் மது விற்பதற்கு எடுப்பதில்லை. மது விற்பது பக்கத்திலுள்ள அரசுக் கடை. பார்க்காரருக்குக் கொடுக்கப்படுவது ரெண்டு உரிமை: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் சேகரிப்பது. அதாவது காகிதத்தில் அது சுண்டல் கடையும் பழைய பாட்டில் கடையும் சேர்ந்த ஒன்று. நடுவுல ஆள் உட்கார்ந்து குடிக்கிறான் என்பது ஒரு பக்க விளைவு.

எங்க தொழில்ல ஒரு அனுபவ உண்மை உண்டு. ஒரு சிஸ்டம் எதை அளக்கிறதோ, அதைத்தான் வளர்க்கும். சுண்டலையும் பாட்டிலையும் வைத்துக் கணக்குப் பார்க்கிற இடத்தில், நாற்காலி செலவுக் கணக்கில் வரும். கழிவறையும் அப்படித்தான். டெண்டர் முடிந்தால் இடம் கைமாறும் என்கிறபோது சுவருக்கு வெள்ளையடிக்க யார் காசு போடுவார்கள்? வடசென்னை பார் அழுக்காக இருப்பதற்கு அங்கே வருகிறவர்களின் குணம் காரணம் என்று சினிமா நினைக்கிறது. விதிப் புத்தகத்தைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், மதுவிலக்குச் சட்டத்தில் இப்படி பார் நடத்த டாஸ்மாக்குக்கு அதிகாரமே இல்லை, ஆறு மாதத்தில் மூட வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார். விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. பார்கள் திறந்தே இருக்கின்றன. இருக்கிறதா இல்லையா என்று சட்டத்துக்கே சந்தேகம் உள்ள ஒரு அறை அது.

1937

இவ்வளவும் நடப்பது எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி முதல்வராக (அப்போது பிரீமியர்) இருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் கருணாநிதி அரசு கடைகளைத் திறந்தது, 1974-ல் திரும்ப மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987 ஜனவரியோடு சாராயக் கடையும் கள்ளுக்கடையும் முடிந்தன. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2023-24-ல் அரசுக்கு இதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். சட்டத்தின் பெயர் மட்டும் இன்னும் மதுவிலக்குச் சட்டம்தான்.

இந்த வருஷக் கணக்கை எல்லாரும் அரசியலாகத்தான் எழுதுகிறார்கள். யார் திறந்தார், யார் மூடினார் என்று. இதை உட்காரும் இடத்தின் கதையாகப் படித்தால் வேற மாதிரி தெரியும். கள்ளுக்கடையில் ஒரு கொட்டகை உண்டு, மண் தரை உண்டு, பக்கத்தில் வறுவல் விற்கிற அம்மா உண்டு. மதுவிலக்குக் காலத்தில் குடிப்பது ஒளிஞ்சு, அவசரமா, ஒரே மடக்கில். மருந்துக் கடை ஜிஞ்சரும் வார்னிஷும் ஓடிய காலம் அது. திரும்பக் கடை திறந்தபோது அவசரம் மட்டும் போகவில்லை. 2003-க்குப் பிறகு கவுன்ட்டரில் கம்பி வலை, கையை மட்டும் உள்ளே விட ஒரு ஓட்டை. வாங்கினதும் நகரு.

குப்பங்களில் அரிசியைப் புளிக்க வைத்துச் செய்யும் சுண்டக்கஞ்சியையும் இங்கே சொல்லணும். நண்பரின் ஊரில் உள்ளூர்ப் பியர் என்று கொண்டாடி, பெரிய செம்புப் பாத்திரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகிறார்கள். எங்க ஊரின் உள்ளூர்ப் பியர் சுண்டக்கஞ்சிதான். ஆனால் அது 1937 சட்டப்படி குற்றம், சினிமாப்படி காமெடி.

அதே 1937-ல் இங்கிலாந்தில் வேறொன்று நடந்தது. பருத்தி மில் ஊரான போல்டனில், டாம் ஹாரிசன் என்பவரின் தலைமையில் மாஸ் அப்சர்வேஷன் குழுவினர் ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். தொழிலாளிகள் போகும் பப்களில் போய் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எந்த அறையில் உட்கார்கிறார்கள், ஒரு கிளாஸை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறார்கள், அங்கே குடிப்பதைத் தவிர வேறென்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனார்கள். 1943-ல் அது 'தி பப் அண்ட் தி பீப்பிள்' என்ற புத்தகமாக வந்தது. ஒரே கடைக்குள் ஆண்கள் மட்டும் நிற்கும் அறை ஒன்று, கொஞ்சம் அதிக விலையில் நல்ல நாற்காலி போட்ட அறை இன்னொன்று என்பதையும், ஒரே மேஜைக்காரர்களின் கிளாஸ்கள் கிட்டத்தட்ட ஒரே அளவில் காலியாகின்றன என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். குடியை நல்லது என்றோ கெட்டது என்றோ தொடங்காமல், முதலில் எண்ணினார்கள்.

போல்டன் மாதிரியே வடசென்னையிலும் மில் இருந்தது. பெரம்பூர் பி அண்ட் சி மில். துறைமுகம் இருந்தது. பிறகு எண்ணூர் வரைக்கும் வண்டி ஆலை, ரப்பர், தீப்பெட்டி, உரம், மின்நிலையம் எல்லாம் வந்தன. நம்ம பக்கத்தில் அப்படி எண்ணிய புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எண்ண வேண்டிய வேலை சினிமாவுக்கு வந்து சேர்ந்தது. சினிமா எப்படிச் செய்தது?

நாலு படம்

முதலில் வடசென்னைப் படமே இல்லாத ஒன்று. புஷ்கர்-காயத்ரி இயக்கிய 'வ - குவார்ட்டர் கட்டிங்' (2010). சவுதிக்குக் கிளம்பும் ஒருத்தன், போவதற்கு முன் கடைசியாக ஒரு குவார்ட்டர் அடிக்க நினைக்கிறான். தேர்தலுக்காகக் கடை மூடியிருக்கும் நாள். ராத்திரி முழுக்க ஊரெல்லாம் அலைகிறான். படம் ஓடவில்லை. கதையும் ஒரு கட்டத்துக்கு மேல் காலி. ஆனால் கடை திறக்கும் நேரமும் மூடும் நாளும்தான் இந்த ஊரில் குடியைத் தீர்மானிக்கிறது என்று புரிந்துகொண்ட தமிழ்ப் படம் என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. அதை நகைச்சுவையாக மட்டும் பார்த்தோம். பெயரில் இருக்கிற 'கட்டிங்' என்பதையும் யோசிங்க. 180 மில்லி குவார்ட்டரை வாங்கக் கையில் காசு பத்தாதபோது, கடை வாசலில் முன்பின் தெரியாத இன்னொருத்தரைச் சேர்த்துக்கொண்டு பாதிப் பாதி போடுவது. பேர் கேட்க வேண்டாம், சாதி கேட்க வேண்டாம், அஞ்சு நிமிஷம் நம்பிக்கை போதும். போல்டன்காரர்கள் பார்த்திருந்தால் இதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருப்பார்கள்.

அடுத்தது வெற்றிமாறனின் 'வட சென்னை' (2018). படம் தொடங்குவது 1987-ல். ஒரு சாப்பாட்டுக் கடை, அப்போதுதான் ஒரு கொலையை முடித்த நாலு பேர், அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு. ரொம்ப நல்ல காட்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அதிலிருந்து படம் முழுக்க, ஆண்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் சதி என்று அர்த்தமாகிவிடுகிறது. உட்காருவதே அந்தப் படத்தில் ஆபத்தான வேலை. 1987 ஜனவரியில்தான் சாராயக் கடைகள் மூடின, ஒரு பேட்டையின் சாயங்காலமே மாறிப்போன வருஷம் அது. அந்தச் சுவடு படத்தில் என் கண்ணில் படவில்லை. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு கடைகள் சூறையாடப்பட்ட ராத்திரியை அவ்வளவு நுணுக்கமாக எடுத்த இயக்குநருக்கு இது தெரியாததில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதே படத்தில் கேரம் கிளப் இருக்கிறது. ஆண்கள் சும்மா கூடி நிற்கிற, ஜெயிப்பதும் தோற்பதும் காசுக்காக மட்டும் இல்லாத அந்த இடத்தைப் படம் மதிக்கிறது. என் கணக்கில் வடசென்னையின் உண்மையான பப் கேரம் கிளப்தான். வெற்றிமாறன் அதைச் சரியாகப் பிடித்தார்.

பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் நடக்கிறது. நாயகன் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறவன். என் தலைமுறையில் இந்தப் பக்கத்திலிருந்து கணினி வேலைக்குப் போனவர்களுக்கு அந்த ஒரு விஷயமே பெரிய ஆறுதல். இந்தப் படத்தில் ஆண்கள் கூடுவது பால் கடையிலும் பாரிலும் இல்லை, கால்பந்து மைதானத்தில், மாடிப்படியில், அந்தச் சுவருக்குப் பக்கத்தில். ராத்திரி வாழ்க்கை என்றால் குடி என்ற கணக்கையே ரஞ்சித் தூக்கிப் போட்டுவிட்டார். இது பெரிய திருத்தம்தான். ஆனால் திருத்துகிறவருக்கு ஒரு அவசரம் இருக்கும். ரவுடி, குடிகாரன் என்று எழுதப்பட்ட இடத்தைச் சுத்தமாகக் காட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில், வேலை முடிந்து பாருக்குப் போகிற சாதாரண ஆள் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டான்.

கடைசியாக, அதே ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021). தமிழ்ப்பிரபாவும் சேர்ந்து எழுதியது. 1970களின் நடுப்பகுதி, நெருக்கடி நிலைக் காலம். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கபிலன் குத்துச்சண்டை வீரனாகிறான். ஜெயிக்கும் நேரத்தில் எல்லாம் கெட்டு, சிறைக்குப் போய், வெளியே வந்து கள்ளச்சாராய வியாபாரத்தில் விழுகிறான். குடித்து உடம்பு ஊதிப் போகிறான். 1974-லிருந்து மதுவிலக்கு திரும்ப அமலில் இருந்த காலம் என்பதால் படத்தின் சரித்திரக் கணக்கு சரி. அந்தச் சாராயம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது, அதனால் அதில் பணமும் போலீசும் இருக்கின்றன. பிறகு கடற்கரையில் பீடி ராயப்பனிடம் பயிற்சி, உடம்பு திரும்புகிறது, ஜெயிக்கிறான்.

முதலில் என் கேள்வியை வைத்துப் பார்த்தபோது இந்தப் படத்துக்குக் குறைந்த மதிப்பெண்தான் போட்டேன். குடி இங்கே ஒரு வீழ்ச்சி, கடல் ஒரு மீட்சி. நடுவுல ஒரு சாதாரண சாயங்காலம் கிடையாது. துறைமுகத்தில் கூட மூட்டை தூக்கின மிச்ச ஆட்கள் எங்கே போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள்? ஒவ்வொருத்தருக்கும் ஒரு பீடி ராயப்பன் கிடைக்க மாட்டார் இல்லையா?

பத்து மணி

படங்களை முடித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க பக்கத்து பார் ஒன்றில் போய் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடை பேர் வேண்டாம். தகரக் கூரை, சிமெண்ட் தரையில் ஈரம், பிளாஸ்டிக் நாற்காலியில் மூணுக்கு ஒன்று கால் உடைஞ்சது. வாட்டர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், அவிச்ச முட்டை, நெத்திலி வறுவல், ஊறுகாய் பாக்கெட். யாரும் யாரையும் போடவில்லை. ஒரு மேஜையில் ரெண்டு பேர் பொண்ணு கல்யாணத்துக்குச் சீட்டு எடுக்கறதைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. இன்னொரு மேஜையில் ஒருத்தர் முழு நேரமும் போனில் இ.எம்.ஐ. தேதியைப் பத்தி யாருக்கோ விளக்கிட்டிருந்தார். பெரும்பாலான ஆட்கள் இருபது நிமிஷத்துக்கு மேல் உட்காரவில்லை. வெளியே சுவரோரம் நின்று குடித்துவிட்டுப் போனவர்கள், உள்ளே உட்கார்ந்தவர்களைவிட அதிகம்.

அப்புறம் பத்து மணி. கடை மதியம் 12-க்குத் திறந்து ராத்திரி 10-க்கு மூடும். இந்த நேரத்தைத் தொழிற்சாலை ஷிஃப்ட்டோடு வைத்துப் பாருங்க. வழக்கமான கணக்கு காலை 6 முதல் 2, 2 முதல் 10, ராத்திரி 10 முதல் காலை 6. முதல் ஷிஃப்ட்காரருக்கு மட்டும் கடை வசதி. ரெண்டாவது ஷிஃப்ட்காரர் கேட்டைத் தாண்டும்போது ஷட்டர் இறங்கிவிடும். ராத்திரி ஷிஃப்ட்காரர் காலையில் வெளியே வரும்போது கடை திறக்க ஆறு மணி நேரம் இருக்கும். இந்த ரெண்டு பேருக்கும் மிச்சம் இருப்பது கூடுதல் விலையில் பிளாக்கில் வாங்குவது, வாங்கி எங்காவது இருட்டில் நின்று முடிப்பது. அந்த இருட்டைத்தான் சினிமா படம் பிடிக்கிறது. அது எந்தக் கடிகாரத்தால் வந்தது என்று கேட்பதில்லை.

ராத்திரி வாழ்க்கை என்ற சொல்லே எங்க பக்கத்தில் வேற அர்த்தம். காசிமேட்டில் விடியற்காலை ரெண்டு மணி, மூணு மணிக்குப் படகு வந்து மீன் ஏலம் தொடங்கும்போது இருக்கிற வெளிச்சத்தையும் சத்தத்தையும் எந்தப் பப்பிலும் பார்க்க முடியாது. ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், ஏலம் கூவுகிறவர், கூடையோடு வந்து நிற்கும் பெண்கள், டீக்கடை. சென்னையில் ராத்திரி சுற்றிப் பார்க்க ஒரு இடம் கேட்டால் இனிமேல் நான் காசிமேட்டைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அவர்களில் யாருக்கும் அது கொண்டாட்டம் இல்லை, டூட்டி.

உட்கார இடம் இல்லாமல் குடிப்பதன் கடைசி எல்லை எது என்று யோசித்தால், பாக்கெட் சாராயம். 2023 மே மாசம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில், 2024 ஜூன் மாசம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கு மேல். குவார்ட்டருக்கும் காசு பத்தாதவர்கள். அந்தச் சாவுக்குப் பிறகும் கேள்வி திறக்கணுமா மூடணுமா என்பதிலேயே நின்றது.

அம்மா கேட்டது

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, பெருமையோடு எங்கம்மாகிட்ட சொன்னேன். காரணம் அப்பா. அவர் முப்பது வருஷம் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். சம்பள நாளில் மட்டும் இல்லை, மத்த நாளும் குடிப்பார். பாரில் உட்கார மாட்டார். கடைச் சுவரோரம் நின்று, பாட்டிலைச் சட்டைக்குள் மறைச்சு, ரெண்டே மடக்கு. சின்ன வயசில் அவரைக் கூப்பிடப் போன எனக்கு அந்தச் சுவர் ஞாபகம் இருக்கு. ஒரு மனுஷனை இப்படி நிக்க வெச்சுக் குடிக்க வெச்சாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளாக் கோபம். இந்தப் பதிவு தொடங்கினதே அங்கேதான்.

அம்மா முழுசாக் கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: "உங்கப்பா நின்னுகினு குடிச்சாரா, குந்திகினு குடிச்சாரான்னு ஆராய்ச்சி பண்றியே. அவரு குடிச்சிட்டு வந்த அப்புறம் நான் எங்க குந்தினு இருந்தேன்னு தெரியுமா உனக்கு?"

தெரியும். வாசல் படியில். அவர் தூங்குகிற வரைக்கும், பல நாள் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும். எங்க வீடு ஒரே ரூம். தூங்குகிற மாதிரி நடிச்சிட்டு நான் கதவு இடுக்கில் அவங்க முதுகைப் பார்த்திருக்கேன். ஆனாலும் நோட்ஸ் எடுத்ததில் அந்தப் படி ஒரு வரி கூட இல்லை. பாரில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன், அங்கே வர்றவங்களை மட்டும்தான் எண்ணினேன்.

அந்த ராத்திரி சார்பட்டாவைத் திரும்பப் போட்டேன். இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டேன்: அவன் குடிக்கும்போது வீட்டில் இருக்கிறவள் எங்கே இருக்கிறாள்? இந்தக் கேள்விக்கு மற்ற மூணு படத்திடமும் சொல்லும்படியான பதில் இல்லை. சார்பட்டாவில் இருக்கிறது. மாரியம்மா வாசலில் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பவள் இல்லை. கத்துகிறாள், கேள்வி கேட்கிறாள், குடித்து வீங்கின உடம்பைப் பார்த்து அருவருப்பை மறைக்காமல் பேசுகிறாள். அம்மா பாக்கியத்தின் பயமும் அப்படித்தான். புருஷனை ரவுடித்தனத்தில் இழந்தவளுக்கு, மகன் அதே பாதையில் போவது கண்ணெதிரே தெரிகிறது. குடி அந்தப் படத்தில் கபிலனின் கதை மட்டும் இல்லை, அந்த வீட்டின் கதை. துஷாரா விஜயன் நடித்த அந்தக் காட்சிகளை முதல் தடவை பார்த்தபோது நாயகனைத் திருத்த வந்த மனைவி என்று எழுதி வெச்சிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அவனைத் திருத்த மட்டும் வரவில்லை, தன் வாழ்க்கைக்குக் கணக்குக் கேட்கிறாள்.

என் குறை ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. படம் அவள் கணக்கைக் கேட்க வைக்கிறது. ஆனால் தீர்ப்பதை ரிங்குக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. கபிலன் ஜெயித்தால் மாரியம்மாவும் ஜெயித்த மாதிரி. நிஜத்தில் ரிங் இல்லாத வீடுகள்தான் அதிகம்.

உட்காரும் இடத்தைப் பற்றிச் சொன்னதையும் நான் வாபஸ் வாங்கவில்லை. சுவரோரம் நிற்க வைப்பதால் யாரும் குறைவாகக் குடிப்பதில்லை. எங்கப்பா வேகமாகக் குடிச்சார், அவ்வளவுதான். வேகமாகக் குடிச்சவர் வேகமாக வீட்டுக்கு வந்தார். அந்தச் சுவருக்கும் எங்க வாசல் படிக்கும் நடந்து பத்து நிமிஷம். ரெண்டையும் ஒரே காட்சியில் வைக்கிற படம் இன்னும் வரவில்லை. வந்தால் அதில் அரிவாள் தேவைப்படாது. பத்து மணிக்கு ஷட்டர் இறங்கும் சத்தம், ஷிஃப்ட் முடிந்து ஓடி வருகிற ஒருத்தர், படியில் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா. போதும்.

பெங்களூர் நண்பருக்குப் பதில் சொல்லிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூணு மணிக்குக் காசிமேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கே பியர் கிடைக்காது, டீதான்.